நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்

பாடாங் செராய் அஞ்சலகத்தில்
கையெழுத்துப் போட்டு வாங்கிய உறை.
உள்ளே என் நாவல், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மேலே ஒரு கடிதம், பதினோரு பக்கம்.

சிவப்பு மையைத் தேடினேன்.
ஒற்று மிகும் இடத்தில் மிகாமல் விட்டிருந்தேன்,
'கிராணி' ஓரிடத்தில் 'கிரணி' ஆகியிருந்தார்,
எதையும் அவர் தொடவில்லை.
"பிழைகள் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார்,
"இடிக்கப்போகும் சுவருக்கு யாராவது
சாயம் அடிப்பார்களா?"

ஈப்போவில் இருக்கிறாராம், மங்கையர்க்கரசி முத்துவீரன்.
முகம் பார்த்ததில்லை.
எண்ணூறு வெள்ளி, இரண்டு தவணை.
"காசையும் கொடுத்துத் திட்டும் வாங்கிக்கிறியே"
என்றார் வீட்டுக்காரர்,
சட்டையில்லாமல் காற்றாடிக்கு நேரே நின்றுகொண்டு.

கடிதம் சொன்னது:
உங்கள் கதை ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது.
கப்பல் வேண்டாம். எல்லோரும் கப்பலில்தான் வருகிறார்கள்.
வேலைநிறுத்தம் மூன்று தடவை நடக்கிறது,
அதே ஆட்கள், அதே பேச்சு. ஒன்று போதும்.
மானேஜர் கெட்டவர் என்று எட்டு இடத்தில் சொல்கிறீர்கள்.
நாய்க்கு அவர் தன் கையால் சோறூட்டும்
அந்த ஓரிடத்தில்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று நாள் ஆலையில் யாரோடும் பேசவில்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
என் எடைமேடையில் ஏறின, இறங்கின.
பாரத்தோடு ஓர் எடை, காலியாக ஓர் எடை,
கழித்து வருவதுதான் பழம்.
இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் சம்பளம்.
எண்பது பக்கக் கப்பலை நான்
லோரியோடு சேர்த்தே நிறுத்துவிட்டேன் என்பது
ஒரு புதன்கிழமை, சீட்டு கிழிக்கும்போது உறைத்தது.
கோபம் இன்னும் கூடியது.

வெள்ளத்தை மட்டும் தரமாட்டேன் என்று பதில் போட்டேன்.
ஆறு ஏறிய அந்த இரவில்
கோழிக்கூடு மிதந்து போனது,
கூட்டுக்குள் கோழிகள் தூங்கிக்கொண்டிருந்தன.
அதை வெட்டினால் புத்தகமே வேண்டாம்.

"வெட்டச் சொல்லவில்லையே.
அந்த இரவில் மூத்தவள் எங்கே?"

கடிதத்தின் கடைசிப் பத்தியும் அதுதான்,
பார்த்ததும் நான் மடித்து வைத்தது:
"நூற்று நாற்பதாம் பக்கத்தில்
வைரமணி அடுப்பில் உலை வைக்கிறாள்.
அதற்குப் பிறகு நாவலில் அவள் இல்லை.
யாரும் தேடவும் இல்லை.
மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை, மங்கையர்க்கரசி.
வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை, உலை கொதிக்கிறது, அக்கா இல்லை.
சோற்றை நான் வடித்தேன்.
ஒரு தட்டைக் குறைத்து வை என்றார் அப்பா.
விசாரணை அவ்வளவுதான்.
அன்று நான்கு தட்டு வைத்தவள்
முப்பத்தொரு வருடம் கழித்து
நானூறு பக்கத்திலும் நான்கே தட்டு வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னிரவு
முதல் எட்டு அத்தியாயங்களையும் எடுத்து
'கப்பல்' என்று பெயரிட்ட கோப்பில் போட்டேன்.
அழிக்கத் துணிவில்லை. அங்கேயே நங்கூரமிட்டுக் கிடக்கட்டும்.
நூற்று நாற்பத்தொன்றில்
ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தேன்.
தாமான் பள்ளிவாசலில் சுபுஹு ஒலிக்கும்வரை உட்கார்ந்து
தேறியது ஒரே வரி.
"வைரமணி பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள், கையில் ஒரு பை."
அனுப்பிவிட்டேன்.

வேலைக்குக் கிளம்பும்போது குறுஞ்செய்தி:
"பையில் என்ன?"

தெரியாது.
சமையல்கட்டுச் சன்னலில்
பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.
கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், அவ்வளவு பக்கம்.
உலை பொங்கியது.
மூடியை எடுக்கத் திரும்பினேன்.